மாமா ஓட்டிய டாங்கி

என் தாய்மாமன் பர்மாவில் டாங்கி ஓட்டினார் என்பதில் எட்டு வயது வரை எனக்கு எந்தச் சந்தேகமும் இருந்ததில்லை. சண்டை முடிந்து அவர் எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஒரு தகரப் பெட்டி, இரண்டு காக்கிச் சட்டை, வயிறு நிறைய டாங்கிக் கதை, இவ்வளவுதான் கொண்டுவந்தார். நாகமலைக்கு மேற்கே, செக்கானூரணி போகிற சாலையில் எங்கள் ஊர். நானும் என் தம்பியும் மாட்டுவண்டியைத் தவிர வேறெதிலும் அதிகம் ஏறியறியாதவர்கள். எங்களிடம் மாமா, டாங்கியை ஆற்றுக்குள் இறக்கி, தண்ணீர் மூக்குமட்டும் வந்த பிறகும் நிறுத்தாமல் அக்கரை ஏற்றிய கதையைச் சொல்வார். ஒருமுறை மூங்கில் காட்டுக்குள் யானை ஒன்று எதிரே வந்து நின்றுவிட்டதாம். மாமா ஆரனை அடித்தாராம். யானை ஒதுங்கி வழிவிட்டதாம். டாங்கிக்கு ஆரன் உண்டா என்று நாங்கள் கேட்கவில்லை. எங்கள் கவலையெல்லாம் யானைக்கு அடிபட்டுவிடக் கூடாதே என்பதுதான்.

பெரியவர்களிடம் இந்தக் கதைகளை அவர் சொன்னதில்லை. அப்பா கேட்டால், பட்டாளத்தில் இருந்தேன், நல்லபடியாக வந்துவிட்டேன் என்பதோடு எழுந்து மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போய்விடுவார். எங்களுக்கு ஒரு மாதிரியும் அவர்களுக்கு ஒரு மாதிரியும் பேசுகிறாரே என்று யோசிக்கிற வயசு இல்லை எனக்கு.

ஆறு மாதம் கழித்து அவருக்குப் பெண் பார்க்கப் போனோம். ஒத்தக்கடையில், யானைமலை அடிவாரத்தில் வீடு. பெண்ணின் அப்பா, மதுரையிலிருந்து மேலூர் வழியாகக் கொட்டாம்பட்டி போகிற பஸ்ஸுக்கு டிரைவர். பெட்ரோலுக்குப் பஞ்சமான காலம் அது. பஸ்ஸின் முதுகில் ஒரு கரி உலையைக் கட்டி, அந்தப் புகையில் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். மேட்டைக் கண்டால் அது நின்றுவிடும். ஜனங்கள் இறங்கித் தள்ளுவார்கள். இந்தக் கஷ்டத்தையெல்லாம் வீட்டில் வந்து சொன்னால் புரிந்துகொள்ள அவருக்கு ஆள் இல்லை. பிறந்த நாலும் பெண்கள்.

காப்பி குடித்து முடித்ததும் அவர் மாமாவிடம், பட்டாளத்தில் என்ன வேலை பார்த்தீர்கள் என்று கேட்டார். மாமா தொண்டையைச் செருமிக்கொண்டு வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன்.

"எங்க மாமா டாங்கி ஓட்டுனாரு."

பெண்ணின் அப்பாவுக்கு முகம் அப்படியே மலர்ந்துபோயிற்று. எல்லோரும் மாமாவைப் பார்த்தார்கள். மாமா என்னைப் பார்த்தார். புதுப் பாவாடையும் நெற்றி நிறையச் சாந்துப் பொட்டுமாக நான் பெருமையில் நெளிந்துகொண்டு நின்றேன். சின்னப் பிள்ளை ஏதோ உளறுகிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். மாமா "ஆமா" என்றார். அத்தனை பேர் நடுவில் என்னைப் பொய்க்காரியாக்க அவருக்கு மனசு வரவில்லை என்பது, நானும் பிள்ளை பெற்று வளர்த்த பிறகுதான் எனக்கு உறைத்தது.

பெண்ணின் அப்பா அதற்குமேல் வரதட்சணையையோ ஜாதகத்தையோ பேசவில்லை. வைகைக்கு வடகரையில், சண்டைக் காலத்தில் பட்டாளம் கூடாரம் போட்டிருந்த மைதானம் ஒன்று இருந்தது. பட்டாளம் போன பிறகு அங்கே ஒரு பெரிய தகரக் கொட்டகையைச் சனங்கள் வந்து பார்க்கும்படி திறந்துவைத்திருந்தார்கள். சண்டையில் அடிபட்டு வந்த வண்டிகளைப் பட்டறை ஆட்கள் பழுதுபார்த்து, புதுசாகப் பச்சைப் பெயிண்ட் அடித்து வரிசையாக நிறுத்தியிருப்பதாகச் சொன்னார்கள். மெட்ராசுக்குப் போய்வந்த எங்கள் ஊர்க்காரர் ஒருவர் அதைச் செத்த காலேஜ் என்றார். அங்கே மியூசியத்துக்கு அதுதான் பெயராம். அந்தக் கொட்டகைக்கு வருகிற ஞாயிற்றுக்கிழமை இரண்டு வீட்டாரும் சேர்ந்து போவோம், மாப்பிள்ளை கூட இருந்து விளக்கிச் சொன்னால் நன்றாயிருக்கும் என்றார் பெண்ணின் அப்பா.

ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் மாமாவுக்கு வயிற்று வலி வந்தது. அம்மா ஓமத்தண்ணி கொடுத்தாள். வலி இறங்கிக் கணுக்காலுக்குப் போயிற்று. அப்பா அதற்குள் வண்டி பூட்டிவிட்டிருந்தார்.

கொட்டகை வாசலில் பெண் வீட்டார், கரி பஸ்ஸை ஓரமாக நிறுத்திவிட்டு, எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். பெண்ணும் வந்திருந்தாள். பரிசம் போடாத பெண்ணை இப்படி அழைத்துவருவது வழக்கமில்லைதான். ஆனால் வீட்டில் எல்லோரும் கிளம்பும்போது அவளை மட்டும் எப்படி விட்டுவிட்டு வருவது என்று அவளுடைய அம்மா என் அம்மாவிடம் காதோடு சொல்லிக்கொண்டிருந்தாள்.

உள்ளே பெயிண்ட் வாசனையும் கிரீஸ் வாசனையும் மூக்கை அடைத்தன. ஜீப், மோட்டார் சைக்கிள், சிலுவைக் குறி போட்ட ஆஸ்பத்திரி வண்டி, நடுவில் கயிறு கட்டி ஒரு டாங்கி. நான் நினைத்ததைவிடச் சின்னதாக இருந்தது. பெரிய மீசை வைத்த ஹவில்தார் ஒருவர் காவலுக்கு இருந்தார். மாமா டாங்கி ஓட்டியவர் என்று கேட்டதும் அவரே கயிற்றை அவிழ்த்து வழிவிட்டார்.

பெண்ணின் அப்பா செருப்பைக் கழற்றிவிட்டு, கோயிலுக்குள் போகிறவர் மாதிரி டாங்கியின் பக்கத்தில் போனார். எத்தனை கியர் என்று கேட்டார். சண்டையில் கியரை யார் எண்ணிக்கொண்டிருந்தது என்றார் மாமா. எல்லோரும் சிரித்தோம். பெண்ணின் அப்பாதான் அதிகமாகச் சிரித்தார். பிறகு மேலே ஏறி, துவாரத்துக்குள் குனிந்து பார்த்துவிட்டு, "ஸ்டேரிங் எங்க இருக்கு மாப்ள?" என்று கேட்டார்.

மாமாவும் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவரும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தார். கடைசியில் கீழே நின்ற ஹவில்தார், இதற்கு ஸ்டேரிங் கிடையாது, இரண்டு கைப்பிடிதான், எதை இழுக்கிறோமோ அந்தப் பக்கம் திரும்பும் என்றார். பெண்ணின் அப்பா மாமாவை ஒரு பார்வை பார்த்தார். அதற்குப் பிறகு அவர் கேள்வி கேட்கவில்லை. செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு முன்னால் நடந்தார். பெண்ணின் அம்மா ஒன்றும் புரியாமல் பின்னால் போனாள். என் அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பெண் மட்டும் மாமாவைத் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள். இந்தச் சம்பந்தம் இனி நடக்காது என்று பெரியவர்கள் எல்லோருக்கும் அப்போதே தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கு மறதி அதிகம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டகையின் கோடியில், யாரும் நின்று பார்க்காத இடத்தில், லாரிக்குப் பின்னால் கட்டி இழுக்கிற ஒரு சமையல் வண்டி இருந்தது. மேலே நாலு பெரிய அண்டா, அடியில் பம்பு அடித்துப் பற்றவைக்கிற எண்ணெய் அடுப்பு. மாமா அதைத் தாண்டிப் போனார். நின்றார். திரும்பி வந்து குனிந்து பார்த்தார். முன்னால் போன பெண் வீட்டாரும் நின்றுவிட்டார்கள்.

"அண்ணே, இந்தக் குழாயத் தலைகீழா மாட்டியிருக்கீங்க. பத்த வச்சா மூஞ்சியில அடிக்கும்" என்றார் ஹவில்தாரிடம்.

ஹவில்தார் ஒரு ஸ்பானரைக் கொண்டுவந்து கொடுத்தார். மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தார். வயிற்று வலி, கணுக்கால் வலி எல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை. குழாயைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். குழாயின் துவாரத்தில் பெயிண்ட் அடைத்திருந்தது. தலையைத் தூக்காமலே கையை நீட்டி, ஒரு ஊக்கு வேண்டும் என்றார். பெண் தன் வளையலில் கோத்திருந்த ஊக்கைக் கழற்றி அந்தக் கையில் வைத்தாள். யாருடைய கை என்று அவர் பார்க்கவில்லை. குத்திச் சுத்தம் செய்து, திருப்பி மாட்டி, பம்பு அடித்து, ஹவில்தார் கொடுத்த வத்திப்பெட்டியால் பற்றவைத்தார். அடுப்பு ஒருமுறை இருமிவிட்டு, நீலமாக, நிதானமாக எரிய ஆரம்பித்தது.

"லங்கர்ல இருந்தீகளா?" என்று கேட்டார் ஹவில்தார். பட்டாளத்துச் சமையல்கட்டுக்கு லங்கர் என்று பெயர்.

மாமா முதலில் என்னைத்தான் பார்த்தார். பிறகு எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, பெண்ணின் அப்பாவிடம் சொன்னார். "நான் டாங்கி ஓட்டலைங்க. நாலு வருசமும் சோறுதான் ஆக்குனேன்."

எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. யானையும் பொய், ஆறும் பொய். தம்பி என் பாவாடையைப் பிடித்து இழுத்து, அப்படியென்றால் ஆரனும் பொய்யா என்று கேட்டான். பெண்ணின் அப்பா எரிகிற அடுப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்போது பெண், அவளுடைய அம்மா முறைத்ததையும் பொருட்படுத்தாமல் கேட்டாள்.

"எம்புட்டுப் பேருக்கு?"

"முந்நூறு பேருக்கு" என்றார் மாமா. அடுப்பின் திருகைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். "ஒருநாள் விடியக்கருக்கல்ல ஆத்தைத் தாண்டிப் போனாக. ராத்திரி வந்து சாப்பிடுறோம்னு சொல்லிட்டுத்தான் போனாக. அம்புட்டுப் பேருக்கும் ஆக்கி வச்சேன். அன்னைக்கு அம்புட்டும் மிஞ்சிப்போச்சு."

திருகை முழுக்க மூடினார். அடுப்பு அணைந்தது. பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தாள். எண்ணெய் அடுப்பின் காரல் எனக்கும்தான் கண்ணைக் கரித்தது. என் அம்மா சேலைத் தலைப்பைக் கடித்துக்கொண்டு நின்றாள். பெரியவர்கள் எல்லோரும் இப்படி வாயடைத்து நிற்பதைப் பார்க்க, மாமா ஏதோ பெரிய தப்புச் செய்து மாட்டிக்கொண்டார் என்று எனக்குத் தோன்றியது. முந்நூறு பேர் சாப்பிடாமல் விடுவதென்றால் சும்மாவா? கோபத்தை விட்டுவிட்டு அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

"உப்பு கூடிப்போச்சா மாமா?"

மாமா குனிந்து என்னைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டார். தூக்குகிற வயசு தாண்டியிருந்தது எனக்கு.

"ஆமா தாயி" என்றார். "கொஞ்சம் கூடிப்போச்சு."

திரும்பும்போது பெண்ணின் அப்பா எங்களை மாட்டுவண்டியில் போக விடவில்லை. அப்பா மட்டும் வண்டியை ஓட்டிக்கொண்டு ஊருக்குப் போகட்டும், மற்றவர்கள் ஒத்தக்கடைக்கு வந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று தன் கரி பஸ்ஸில் ஏற்றினார். டிரைவருக்குப் பக்கத்து இடத்தைத் துண்டால் தட்டிவிட்டு, "மாப்ள, இப்படி வந்து முன்னால உக்காருங்க" என்றார். மாமா என்னை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். வழியெல்லாம் இரண்டு பேரும் அடுப்புக் குழாயையும் கரி உலையையும் பற்றியே பேசினார்கள். தை பிறந்ததும் கல்யாணம் நடந்தது.

ஊருக்குத் திரும்பியதும் நான் சும்மா இருக்கவில்லை. என் மாமா டாங்கி ஓட்டியவர் இல்லை, பட்டாளத்தில் சமையல்காரர், அதுவும் உப்பளவு தெரியாத சமையல்காரர், ஒருநாள் முந்நூறு பேர் அவர் ஆக்கிய சோற்றைத் தொடாமல் விட்டுவிட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். கேட்டவர்கள் சிரித்தார்கள். மாமாவிடமே கேட்டவர்களும் உண்டு. பிள்ளை சொல்வது சரிதான் என்று அவரும் தலையாட்டினார். ஒருவழியாக ஊருக்கு உண்மையைச் சொல்லிவிட்டோம் என்று எனக்கு நிம்மதியாக இருந்தது.