தலைவர் வந்த நேரத்தில் விழுந்த கோல்

2024ஆம் ஆண்டு பிப்ரவரி 11, ஞாயிற்றுக்கிழமை, பிற்பகல் மூன்று மணிக்கு ஆட்டம் தொடங்குவதாக இருந்தது. மைதானத்தில் அது தொடங்க வெகுநேரம் ஆயிற்று. ஆனால் பாரிஸுக்கு வெளியே ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் சரியாக அந்த நேரத்துக்கே தொடங்கிவிட்டது. அங்கே அப்போது காலை பத்தரை மணி. என் அப்பா கைபேசியைச் சர்க்கரை டப்பாவின் மேல் சாய்த்துவைத்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். இரவெல்லாம் ஒரு கிடங்கில் காவல் வேலை பார்த்துவிட்டுக் காலையில் அறைக்குத் திரும்பியவர், அதன்பிறகு தூங்கவில்லை. தங்கை விளையாடுவதை அவர் ஒருமுறைகூடப் பார்த்ததில்லை.

அப்பா கடைசியாக நெல்லித்தோப்பில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனபோது தங்கைக்குப் பதின்மூன்று வயது. கால்பந்து என்றால் என்னவென்றே அவளுக்குத் தெரியாது. அவர் போன பிறகுதான் பள்ளி அணியில் சேர்ந்தாள். பரிசு வாங்கும் படங்களை அனுப்பினோம். படத்தில் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஓடுவதைப் பார்க்க வேண்டும் என்று அப்பா கேட்டார். நான் கைபேசியில் எடுத்து அனுப்பினேன். எனக்கு அந்தக் கலை வரவில்லை. அவளைத் தேடி என் கை திரும்புவதற்குள் பந்து வேறெங்கோ போயிருக்கும். "நீ அனுப்புற வீடியோவுல புல்லு நல்லா தெரியுதும்மா" என்றார் அப்பா. அடுத்த மாதம் தங்கைக்குப் பொதுத்தேர்வு. அதோடு பந்தை மூட்டை கட்டிவிட வேண்டும் என்பது அம்மாவின் தீர்ப்பு. ஆகவே உழவர்கரைப் பக்கத்து மைதானத்தில் நடந்த அந்த இறுதி ஆட்டமே அப்பாவுக்கு இருந்த ஒரே வாய்ப்பு.

உள்ளூர்த் தொலைக்காட்சி ஒன்று ஆட்டத்தை இணையத்தில் நேரலையாகக் காட்டப்போவதாக அறிவித்திருந்தது. பெண்கள் கால்பந்துக்குக் கேமரா வருவது எங்கள் ஊரில் வழக்கமில்லை. சிறப்பு விருந்தினராக ஓர் அரசியல் தலைவர் வருகிறார் என்பதால்தான் கேமரா வந்தது. அவர் வராவிட்டால் அப்பா எதையும் பார்த்திருக்க முடியாது என்பதையும் நான் மறைக்கக் கூடாது.

சிறப்பு விருந்தினர் முதல் பந்தை உதைத்த பிறகே ஆட்டம் தொடங்குவது எங்கள் பக்கத்துப் போட்டிகளின் முறை. நடுவட்டத்தில் ரிப்பன் கட்டிய பந்து இருந்தது. பந்தலில் வெள்ளைத் துண்டு விரித்த பெரிய நாற்காலி இருந்தது. இரண்டு அணிப் பெண்களும் கைகுலுக்கலுக்காக வெயிலில் வரிசையாக நின்றார்கள். உடம்பைச் சூடாக்கிக்கொள்ள ஓடினார்கள், ஆறிப்போய் நின்றார்கள், மறுபடியும் ஓடினார்கள். மைக் பிடித்தவர் சலிக்காமல் சொல்லிக்கொண்டிருந்தார்: "அண்ணன் அவர்கள் முதலியார்பேட்டையைத் தாண்டிவிட்டார்கள் என்ற இனிய செய்தியை மகிழ்ச்சியோடு தெரிவித்துக்கொள்கிறோம்."

"இதையே மூணாவது தடவ சொல்றான். முதலியார்பேட்டய எத்தினி தடவதான் தாண்டுவாரு?" என்றார் எனக்குப் பக்கத்தில் நின்ற ஒருவர்.

கைபேசியில் அப்பா அழைத்தார். "இன்னும் ஆரம்பிக்கலியா? ஒரு மணி நேரமா நாற்காலியத்தான் காட்டிக்கினு இருக்கான்."

"விருந்தினர் வரணும்பா."

"நாற்காலி நல்லாத்தான் இருக்குது. நானே வந்து குந்திக்கவா?"

சிரித்தேன். 'வந்து குந்திக்கவா' என்பது அவருக்கு விளையாட்டுப் பேச்சு. எனக்கு அன்று மாலை முழுவதும் அந்த நாற்காலியில் அப்பாவே உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றிக்கொண்டிருந்தது.

வெளிச்சம் போய்விடும் என்று நடுவர் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டிய பிறகுதான், தலைவருக்குக் காத்திராமல் ரிப்பனை அவிழ்த்து ஆட்டத்தைத் தொடங்கினார்கள். முதல் பாதியில் எங்கள் அணி தன் எல்லையை விட்டு வெளியே வரவே திணறியது. இடது ஓரத்தில் நின்ற தங்கைக்குப் பந்து வரவில்லை. "ஏழாம் நம்பர்தானே? குட்டியூண்டு தெரியுறா. யாராவது அவளுக்குப் பந்த குடுங்கடி!" என்று அப்பா குரல் பதிவு அனுப்பினார். இடைவேளையில் அதைத் தங்கையின் காதருகே வைத்தேன். அவள் தண்ணீரைக் குடித்துக்கொண்டே கேட்டாள். பிறகு காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

இரண்டாம் பாதி நடந்துகொண்டிருந்தபோது வெளியே சரவெடி வெடித்தது. தொடர்ந்து பேண்டு வாத்தியம் ஒலித்தது. நான் வாசலுக்கு எதிர்ப்புறச் சுவரோரம் நின்றிருந்தேன். அதுவரை எனக்கு எதிரே முகங்களாக இருந்த கூட்டம் முழுவதும் முதுகுகளாக மாறியது. எல்லாரும் கைபேசியைத் தலைக்கு மேல் தூக்கினார்கள். கட்சிக்காரர்களால் அழைத்து வரப்பட்டவர்கள் மட்டும் அப்படிச் செய்தார்கள் என்று சொல்ல மாட்டேன். குழந்தையைத் தோளில் ஏற்றிக் காட்டிய பெண் யாராலும் அழைத்து வரப்பட்டவள் அல்ல. தூரத்தில் மட்டுமே இருக்கும் ஒருவர் ஒரு நிமிடம் கிட்டத்தில் வந்துவிட்டால் மனிதர்களுக்கு என்ன ஆகும் என்பது, அப்பாவை விமான நிலைய வாசலில் காத்திருந்து பார்த்த எனக்குத் தெரியும்.

சுவர்மேல் உட்கார்ந்திருந்த கல்லூரிப் பையன்கள் வேறு விதமாக வரவேற்றார்கள்.

"அண்ணே, எங்க தெருவுக்குத் தண்ணி எப்பண்ணே வரும்?"

"முதலியார்பேட்டயத் தாண்டிட்டா வந்துடும்டா!"

ஊளைச் சத்தமும் 'வாழ்க' சத்தமும் கலந்து ஒன்றாயின. மைக் பிடித்தவர் ஆட்டத்தைப் பாதி வாக்கியத்தில் விட்டுவிட்டுத் தலைவரின் பட்டங்களை அடுக்கத் தொடங்கினார். மேடைமேல் இருந்த கேமரா வாசல் பக்கம் திரும்பியது. நடுவர் விசில் ஊதவில்லை. அதனால் ஆட்டம் நிற்கவில்லை. அந்த நேரத்தில்தான் தங்கை கோல் அடித்தாள்.

பந்தலில் அதை யாரும் கவனிக்கவில்லை. தலைவர் பொன்னாடைகளை வாங்கி உட்கார்ந்த பிறகு யாரோ அவர் காதில் சொன்னார்கள். அவர் உண்மையாகவே வருத்தப்பட்டதாகத்தான் எனக்குத் தோன்றியது. "அடடா, நான் பாக்கலியே. எந்தப் பொண்ணு அடிச்சது?" என்றார். மைக் அவர் பக்கத்தில் இருந்ததால் எல்லாருக்கும் கேட்டது. அவ்வளவுதான் அவர் சொன்னது. மீதியைச் சுற்றியிருந்தவர்கள் செய்தார்கள். நடுவரிடம் ஆள் ஓடியது. ஆட்டம் நிறுத்தப்பட்டது. கேமராக்காரர் மேடையிலிருந்து இறங்கி வந்தார். கோலுக்கு எதிரே பந்தை வைத்து, தங்கையைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்கள்.

"அதே மாதிரி இன்னொரு தடவ அடிம்மா. அண்ணன் பாக்கணும்."

எதிரணிக் கோல்கீப்பர் கையை விரித்துக்கொண்டு தயாரானாள். அவளிடம் ஒருவர் சொன்னார்: "நீ கொஞ்சம் ஓரமா நில்லும்மா. அண்ணனுக்கு மறைக்குது."

அவள் ஓரமாக நின்றாள். தங்கை உதைத்தாள். பந்து மெதுவாக உருண்டு வலைக்குள் போனது. இப்போது மைதானமே கைதட்டியது. தலைவர் நடந்து வந்து பொன்னாடை போர்த்தி, "நல்லா வருவே" என்றார். படம் எடுத்தார்கள். அவர் போன பிறகு மீதி ஆட்டம் நடந்தது. அந்த ஒரு கோலில் எங்கள் அணி வென்றது. ஆனால் பாதிக் கூட்டம் அவரோடே போய்விட்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும் வழியில், வண்டியில் என் பின்னால் உட்கார்ந்திருந்த தங்கை கேட்டாள்: "அப்பா பாத்தாரா?"

"ரெண்டாவதத்தான் பாத்திருப்பாரு."



நாங்கள் செருப்பைக் கழற்றுவதற்குள் அம்மாவின் கைபேசியில் அப்பாவின் குரல் கேட்டது. "பாத்துட்டேன்! என் பொண்ணு கோல் போட்டத பாத்துட்டேன்! சால்வ போத்தினாங்களே, அதையும் பாத்தேன்!" பிறகு கொஞ்சம் தயங்கினார். "ஒண்ணுதான் புரியல. அந்த கீப்பர் பொண்ணு ஏன் நவுரவே இல்ல?"

அம்மா எங்களைப் பார்த்தாள். "அது பயந்துபோயி நின்னுடுச்சிங்க" என்றாள்.

அப்பா சிரித்தார். பயப்படுகிற அளவுக்கா என்று கேட்டு மறுபடியும் சிரித்தார். தங்கை குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இரவுச் செய்தியில் அரை நிமிடம் வந்தது. சுவர்மேலிருந்த பையன்களின் ஊளை இல்லை. அந்த இடத்தில் நாதஸ்வர இசை இருந்தது. 'விளையாட்டு வீராங்கனைகள் உற்சாக வரவேற்பு' என்று எழுத்து ஓடியது. எதிரணியின் கோல்கீப்பர் படத்தின் ஓரத்தில், கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள். முதல் கோலின் பதிவு எதுவும் இல்லை என்பதை நான் அன்றே உறுதிசெய்துகொண்டேன். அந்தத் தொலைக்காட்சியின் இணையப் பக்கத்தில் இருந்த நேரலையை ஓட்டிப் பார்த்தேன். அந்த இடத்தில் பொன்னாடைகளும் வெடிப்புகையும் மட்டும் இருந்தன. அடுத்து நேராகத் தங்கை உதைப்பது வந்தது.

"அப்பாகிட்ட நீ சொல்லு" என்றேன் தங்கையிடம்.

"நான் அடிச்சத நானே சொன்னா பீத்திக்கிற மாதிரி இருக்கும். நீ சொல்லு."

"அது பயந்துடுச்சின்னு அம்மா சொல்லிட்டாங்களே."

"அந்த கீப்பர் பயப்படலக்கா" என்றாள் தங்கை. "அவ பாஞ்சா. அவ விரல்ல பட்டுச்சு. அதயாவது சொல்லு."

மறுநாள் எங்கள் நேரம் காலை ஆறு மணிக்கு, அவருடைய இரவுப் பணியின் இடைவேளையில் அப்பா வழக்கம்போல் அழைத்தார். வழக்கமாக நான் "சாப்ட்டீங்களாப்பா?" என்று கேட்டுவிட்டுக் கைபேசியை அம்மாவிடம் கொடுத்துவிடுவேன். அன்று அதை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போனேன்.

"அப்பா, நீங்க பாத்தது நெஜம் இல்ல" என்றேன். "அது அந்தத் தலைவருக்காகத் திரும்ப அடிக்க வெச்சது. நெஜ கோல் அதுக்கு முன்னாடியே விழுந்துடுச்சி. அப்ப கேமரா வாசல் பக்கம் திரும்பிடுச்சி."

அந்தப் பக்கம் காபி இயந்திரம் உறுமுவது கேட்டது.

"அதானே பாத்தேன்" என்றார். "நீ பாத்தியா?"

"பாத்தேன்பா."

"சொல்லு."

சொன்னேன். நடுக்களத்திலிருந்து பந்து உயரமாக வந்ததை, அவள் அதை நெஞ்சில் வாங்கிக் கீழே இறக்கியதை, ஒருத்தியை வெளிப்பக்கமாகத் தாண்டியதை.

"எந்தக் கால்ல?"

"எடது கால்லப்பா. தாண்டுனது வலது. அடிச்சது எடது."

"எடதா! அவளும் என்ன மாதிரியே. அப்புறம்?"

கீப்பர் பாய்ந்ததையும், அவள் விரலில் பட்டுப் பந்து கம்பத்தை உரசி உள்ளே போனதையும் சொன்னேன். அம்மா அந்தப் பெண்ணைப் பற்றிச் சொன்னது சரியல்ல என்றும் சொன்னேன்.

"ஜனங்க என்னா பண்ணாங்க?"

"திரும்பி நின்னுக்கினு இருந்தாங்கப்பா."

"ஒருத்தருமே கத்தலியா?"

"நான் கத்துனேன்."

"நீயா?" என்றார் அப்பா. அவரால் நம்ப முடியவில்லை. வகுப்பில் பெயர் கூப்பிட்டாலே தலையை மட்டும் ஆட்டுகிறவள் நான். "என்னான்னு கத்துன?"

"தெரியலப்பா. பேரச் சொல்லிதான்."

அவர் மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு இடைவேளை முடிந்துவிட்டது, சுற்றி வர வேண்டும் என்றார். "போன வெச்சிடாத. நடந்துக்கினே கேக்குறேன். அதுக்கப்புறம் என்னா ஆச்சி, முழு ஆட்டத்தயும் சொல்லு."

கிடங்கின் சிமெண்டுத் தரையில் அவர் பூட்ஸ் சத்தம் கேட்கத் தொடங்கியது. அதற்கு ஏற்றாற்போல் நிதானமாக, ஒவ்வொரு பந்தாக, நடுவர் கடைசி விசிலை ஊதியதுவரை சொன்னேன். பிறகு தங்கையைப் பள்ளிக்கு எழுப்பக் கீழே இறங்கிப் போனேன்.