அழித்த முதல் படம்

போன செவ்வாய்க்கிழமை ரோஸ்லின் அக்கா கடைக்கு வந்தார். குடையை மடக்கவில்லை. உட்காரவும் இல்லை.

"தம்பி, அன்னைக்கு அவரு மூஞ்சிய அந்தக் கண்ணாடியில வச்சுப் படம் எடுத்தீங்களே... அது இருக்குங்களா?"

இருக்கிறது. ஆனால் என்ன பிரயோசனம்?

வாராவாரம் இந்தப் பத்திரிகையில் என்னை வாசிப்பவர்களுக்குத் தெரியும் — மாத்தளை டவுனில் ஒரு கொமியூனிகேஷனில், அதாவது கோல் பேச, போட்டோகாப்பி, ஸ்கேன் எடுக்க வரும் கடையில், வேலை. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவனுக்குக் கம்ப்யூட்டர் வேலையா என்று கேட்காதீர்கள். ஸ்கேனரின் மூடியைத் திறந்து, கடிதத்தை வைத்து, பட்டனை அமுக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஒருநாள் கடிதம் வைக்கும் கண்ணாடியில் என் கன்னத்தை வைத்துப் பார்த்தேன். வெளிச்சம் நகரும்போது முகத்தையும் கூடவே நகர்த்தினால் மூக்கு முழ நீளத்துக்கு வருகிறது! தலையைத் திருப்பினால் ஒரே முகத்தில் மூன்று கண். பைத்தியமே பிடித்துவிட்டது எனக்கு.

இன்னொரு காரணமும் உண்டு. ஆட்களை நேருக்கு நேர் பார்த்துப் பேச எனக்குக் கூச்சம். ஸ்கேனரில் முகம் வைப்பவர்கள் வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொள்வார்கள். அப்போது எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் பார்க்கலாம்... யார் கேட்பது?

ரோஸ்லின் அக்காவின் கணவர் அந்தோனி அண்ணன், பக்கத்துக் கடையில் மிளகு மூட்டை ஏற்றுபவர். கூப்பிட்டதும் வந்தார்.

"டேய், மூஞ்சி சுட்டுறாதே?"

"சுடாதுண்ணே. கண்ண மூடிக்கிட்டு, லைட்டு வரும்போது மெதுவா தலையத் திருப்புங்க."

முதல் தடவை அவர் அசையவே இல்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே குனிந்திருந்தார். படம் நேராக விழுந்தது. மூக்கு நுனி மட்டும் கொஞ்சம் அமுங்கியிருந்தது. புருவத்து வெட்டுக்காயம், மீசையில் நரை — எல்லாம் தெளிவு.

"அட, நல்லாருக்கேடா! இத ஒன்னு பிரிண்ட் அடிச்சுக் குடு. ஒங்க அக்காகிட்ட காட்டணும்."

"ஐடென்டி கார்ட் படம் மாதிரி இருக்குண்ணே. இத எந்த ஸ்டூடியோக்காரனும் எடுப்பான்" என்றேன்.

அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அழித்தேன்.

ஐந்தாவது தடவைதான் நான் நினைத்தது வந்தது. மீசை உருகிக் காதுவரை ஓட, வாய் இரண்டாகி... அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இதப் பாத்தா எங்க அம்மாவுக்கே என்னைத் தெரியாதுடா!"

மூன்று மாதம் போயிருக்கும். மிளகு லொறியில் கொழும்புக்குப் போனார். லொறி திரும்பி வந்தது, அவர் வரவில்லை. தேத்தண்ணி குடிக்க இறங்கியவரை யாரோ விசாரிக்க வேண்டும் என்று கூட்டிப்போனார்களாம். டிரைவருக்கு அதற்குமேல் தெரியவில்லை. இந்தக் காலத்தில் அதற்குமேல் யார் கேட்கிறார்கள்?

பொலிஸில் முறைப்பாடு கொடுக்கப் படம் வேண்டும். கல்யாணப் படம் எண்பத்து மூன்று கலவரத்தில் வீட்டோடு எரிந்துவிட்டது. அடையாள அட்டை அவர் சட்டைப்பையில். அதன் போட்டோகாப்பி மட்டும் அக்காவிடம் இருந்தது — நான்தான் எடுத்துக் கொடுத்தேன். முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கறுப்புக் கட்டம்.

உருகிய படத்தை அடித்து நீட்டினேன். வேறு என்ன செய்வது?

அக்கா வெகுநேரம் பார்த்தார். "இதுல அவர எங்கங்க தம்பி தேடுறது?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. தாளில் விரலை ஓட்டிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார். "இந்தா... புருவத்து வெட்டு. அவருதான்." படத்தை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். வாசல்வரை போய்த் திரும்பினார்.

"நேரா ஒன்னு எடுத்திருக்கலாமேங்க?"

நான் கீபோர்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இப்போது யார் வந்து முகம் வைத்தாலும் முதலில் அசையாமல் இருக்கச் சொல்லி ஒன்று எடுத்து வைத்துக்கொள்கிறேன். அக்காவுக்கு அதனால் என்ன பயன்?

ஞாயிற்றுக்கிழமை அக்கா மாதா கோயிலுக்குப் போய் வந்ததும் பக்கத்து வீட்டுப் பிள்ளை இந்தப் பத்தியை அவருக்கு வாசித்துக் காட்டுமாம். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

எடுத்தேன் அக்கா. நேராகத்தான் எடுத்தேன். உங்களுக்குக் காட்ட வேண்டும் என்று அண்ணன் கேட்டார்... நான்தான் அழித்தேன்.