உள்ளே அனுப்பிய காசுக்கு ஒரு ரசீது

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. காலை பதினோரு மணி இருக்கும். பேப்பரை முடித்துவிட்டு, பென்ஷன்காரனின் அடுத்த முக்கிய வேலையான இரண்டாவது காபிக்குக் காத்திருந்தேன். கேட்டைத் திறந்துகொண்டு ரோஸ்மேரி வந்தார்.

ரோஸ்மேரி எங்கள் காக்ஸ் டவுன் வீட்டிலிருந்து நாலு தெரு தள்ளி ஆல்டரேஷன் கடை வைத்திருக்கிறார். கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு தையல் மிஷின், ஒரு ஸ்டூல்... அவ்வளவுதான். பன்னிரண்டு வருஷமாக என் பேன்ட் இடுப்பைப் பிரித்துத் தைத்துத் தருவது அவர்தான். எத்தனை இன்ச் என்று இதுவரை வெளியே மூச்சு விட்டதில்லை. குடியிருப்பது ஜோகுபாளையத்தில், வாடகை வீடு. கணவர் செல்வராஜ் குட்டியானை ஓட்டுகிறவர். அதுதான், அந்தச் சின்ன லோடு வண்டி.

ஓட்டிக்கொண்டிருந்தவர் என்று எழுதவேண்டும். அப்போது அவர் மூன்றரை மாதமாக ஜெயிலில் இருந்தார். வைட்ஃபீல்டில் ஒரு குடோனிலிருந்து அட்டைப் பெட்டிகளை ஏற்றி, ஓசூர் ரோட்டில் இறக்கச் சொல்லி யாரோ போன் பண்ணினார்கள். ஏற்றினார். பெட்டிக்குள் இருந்தவை திருட்டு லேப்டாப்கள். திருடியவர்களுக்கும், வாடகைக்கு வண்டி ஓட்டியவருக்கும் ஒரே வழக்கு! எந்த ஜெயில் என்று கேட்காதீர்கள். எழுதமாட்டேன்.

"சார், இது அக்கவுன்ட் நம்பராம். இதுல காசு போடணுமாம்" என்று ரோஸ்மேரி போனை நீட்டினார்.

பார்த்தேன். பெரிய எழுத்து, சின்ன எழுத்து, நடுநடுவே எண்கள் என்று ஒரு நீள வரி. குழந்தை கையில் கீபோர்டைக் கொடுத்தால் இப்படித்தான் அடிக்கும். முப்பத்தோரு வருஷம் வங்கியில் குப்பை கொட்டியவன் நான். ஆள் பெயர் இல்லை, கிளை இல்லை, ஐ.எஃப்.எஸ்.சி. இல்லை... இதுவா அக்கவுன்ட் நம்பர்?

கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ் இருந்தது. போட்டுக் காட்டினார்.

"யம்மா, ஸ்கேனு கீனெல்லாம் பேடா. அதுல பேரு வந்துரும். இந்த அட்ரஸ்ல டாலர் காயின் போடு, பதினஞ்சாயிரத்துக்கு. ஷுக்ரவாரா சாயங்காலம் லாஸ்ட்டு. ஆமேலே ஒன் வூட்டுக்காரனுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா என்னைக் கேக்காத."

மிரட்டுகிற குரலே இல்லை. கேஸ் சிலிண்டர் டெலிவரிக்கு ஆள் பேசுவது போல அத்தனை நிதானம். பேடா என்றால் வேண்டாம், ஆமேலே என்றால் அப்புறம், ஷுக்ரவாரா என்றால் வெள்ளிக்கிழமை. மூன்று நாள் இருந்தது.

ஜெயில் கேன்டீன் கணக்குக்கு ரோஸ்மேரி மாதாமாதம் முறைப்படி பணம் கட்டிவருகிறார். அது சோப்புக்கும் பிஸ்கட்டுக்கும். இது வேறு கணக்கு. இது கக்கூஸ் ஓரமாகப் படுக்காமல் நாலடி தள்ளிப் படுப்பதற்கு. அடி விழாமல் இருப்பதற்கு. முன்பெல்லாம் வெளியே பஸ் ஸ்டாப்பில் ஒரு ஆளிடம் ரொக்கமாகக் கொடுக்கவேண்டுமாம். இப்போது அந்த ஆளையே வேலையை விட்டு எடுத்துவிட்டார்கள். எல்லாம் கிரிப்டோ. நான் உயிரோடு இருக்கிறேன் என்று நிரூபிக்க, ரேகை விழாத கட்டை விரலை வைத்துக்கொண்டு வருஷா வருஷம் அல்லாடுகிறேன். பூட்டிய அறைக்குள் இருக்கும் ஒருவன் டாலரில் வசூல் பண்ணுகிறான்!

எனக்கு ரத்தம் கொதித்தது. "இது அநியாயம்மா. வா, நேரா போய் கம்ப்ளைன்ட் குடுப்போம்."

ரோஸ்மேரி என்னைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. "சார், கம்ப்ளைன்ட்டை நாம வெளிய நின்னு குடுப்போம். அவரு உள்ள இல்ல இருக்காரு?"

கொதித்த ரத்தம் ஆறிவிட்டது. இரண்டாவது காபியும்தான்.

மாடியில் குடியிருக்கும் தீபிகாவைக் கூப்பிட்டேன். ஈரோட்டுப் பெண். ஐ.டி. கம்பெனி வேலை, அன்று வீட்டிலிருந்தே. அந்த வரியைப் பார்த்ததுமே, "அங்கிள், இது யாருக்குங்க?" என்றாள். சொன்னேன். நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பிறகு சொல்லிக்கொடுத்தாள். டாலர் மாதிரிதானாம், ஆனால் டாலர் இல்லையாம். ஒரு ஆப்பில் ரூபாயைக் கொடுத்து வாங்கி, இந்த வரிக்கு அனுப்பிவிட்டால் போதுமாம். யாருக்குப் போனது என்று அந்த வரிக்கு மட்டும் தெரியுமாம்.

"திரும்ப வாங்க முடியாதா?"

"முடியாதுங்க அங்கிள். போனா போனதுதான்."

ரோஸ்மேரிக்கு பான் கார்டு கிடையாது. ஆகவே என் பெயரில் கணக்கு. என் ஆதார், என் பான், என் வங்கிக் கணக்கு எல்லாவற்றையும் கொடுத்தேன். முகத்தை இடதுபக்கம் திருப்பச் சொன்னது, திருப்பினேன். வலதுபக்கம் திருப்பச் சொன்னது. கண்ணைச் சிமிட்டச் சொன்னது. என் மனைவி விமலா, ரிட்டயர்டு டீச்சர், கதவோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். "பொண்ணு பாக்க வந்தப்போகூட இவ்வளவு ஒழுங்கா உக்காரல இவரு" என்றாள். தீபிகா சிரித்தாள். ரோஸ்மேரிகூடச் சிரித்தார்.

யார் நடத்துகிறார்கள், ஆபீஸ் எங்கே இருக்கிறது என்றே தெரியாத ஒரு கம்பெனிக்கு அரை மணி நேரத்தில் என் ஜாதகத்தையே ஒப்படைத்துவிட்டேன். ஒரு நிமிஷம்கூட யோசிக்கவில்லை. இதைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

வியாழக்கிழமை மதியம் ரோஸ்மேரியின் பதினைந்தாயிரமும் கடல் கடந்தோ, மதில் கடந்தோ போய்ச் சேர்ந்தது. அதோடு விட்டிருக்கலாம். விட்டேனா?

பழக்க தோஷம் என்று ஒன்று இருக்கிறதே! பணம் போனால் ரசீது வரவேண்டும். வராவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. ரோஸ்மேரியின் போனை வாங்கி, அந்த வாய்ஸ் மெசேஜ் வந்த நம்பருக்கே நான் ஒரு மெசேஜ் அடித்தேன். சுத்தமான ஆபீஸ் ஆங்கிலத்தில், தொகை அனுப்பப்பட்டது, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புதலைப் பெயர், தேதியுடன் அனுப்பவும் என்று. அதோடும் விடவில்லை. கீழே 'கிளை மேலாளர் (ஓய்வு)' என்று போட்டேன்.

ஜெயிலுக்குள் இருந்து மாமூல் வசூலிப்பவனிடம் அக்னாலெட்ஜ்மென்ட் கேட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன்.

பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் வந்தது. எனக்கு அதில் ஒரு திருப்தி வேறு. "பாத்தியாம்மா, முறையா கேட்டா முறையா பதில் வரும்" என்று ரோஸ்மேரிக்குப் பாடம் நடத்தினேன். என் வாயில் மண்ணைப் போட!

அடுத்த புதன்கிழமை ரோஸ்மேரி ஜெயிலுக்கு மனு போட்டுப் பார்க்கப் போனார். திரும்பி நேராக எங்கள் வீட்டுக்குத்தான் வந்தார். உட்காரச் சொன்னோம், உட்காரவில்லை.

"கண்ணாடிக்கு அந்தாண்ட கர்சீப்பை வாயில பொத்திக்கினு வந்தாரு சார். எடுக்கச் சொன்னேன். எடுக்கல. நான் அழுதப்புறம்தான் எடுத்தாரு. முன்பல்லு ரெண்டும் இல்ல சார்."

"காசுதான் போச்சேம்மா? அப்புறம் ஏன்?"

"ஒங்க மெசேஜைப் பாத்துட்டாங்க சார். உனக்கு பேங்க் மேனேஜரே இருக்கான், நீ என்னடா வெறும் பதினஞ்சாயிரம் குடுக்கறன்னு கேட்டாங்களாம். யார்ரா அந்த சார், பேரு என்ன, வூடு எங்கன்னு கேட்டாங்களாம். இவரு தெரியாதுன்னே சொல்லிக்கினு இருந்தாராம். கடைசி வரைக்கும் சொல்லலையாம். ரேட்டு இப்ப முப்பதாயிரமாம் சார்."

விமலா ரோஸ்மேரியின் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். அவர் அழுது முடித்து, முகம் கழுவி, கிளம்பிப் போகும்வரை விமலா என் பக்கம் திரும்பவே இல்லை. கேட்டைச் சாத்திவிட்டு வந்துதான் கேட்டாள்.

"அந்த மனுஷனுக்கு பெயில் கெடச்சு எவ்வளவு நாளாச்சு?"

உங்களிடம் நான் மறைத்துவைத்திருந்த விஷயம் இதுதான். செல்வராஜுக்கு பெயில் கிடைத்து ஏழு வாரம் ஆகியிருந்தது. அவர் வெளியே போகலாம் என்று கோர்ட்டே சொல்லிவிட்டது. ஒரே ஒரு நிபந்தனை. உள்ளூரில் சொந்த வீடு இருக்கும் ஒருவர் ஒரு லட்ச ரூபாய்க்கு ஷூரிட்டி நிற்கவேண்டும். பணம் கட்டவேண்டாம். இவர் ஓடிப்போகமாட்டார், வாய்தாவுக்கு வருவார், அதற்கு நான் பொறுப்பு என்று கையெழுத்துப் போடவேண்டும். ரோஸ்மேரியின் ஜனங்கள் ஜோகுபாளையத்தில் இருபது குடும்பம் இருக்கிறார்கள். இருபதும் வாடகை வீடு. அண்ணனுக்குச் சொந்த வீடு உண்டு. ஆனால் அது திருப்பத்தூரில். உள்ளூர் ஆள்தான் வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம்.

ஏழு வாரம் முன்னால், ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து, இதே ஹாலில் நின்றபடி ரோஸ்மேரி கேட்டார். "சார், ஒரு கையெழுத்து..." நான் என்ன சொன்னேன் தெரியுமா? "பாக்கலாம்மா." தமிழில் முடியாது என்பதற்கு இதைவிட மரியாதையான வார்த்தை கிடையாது. அவரும் அதற்குமேல் கேட்கவில்லை.

எனக்கு நியாயங்கள் இருந்தன. கேரண்டி கையெழுத்துப் போட்டு நடுத்தெருவுக்கு வந்தவர்களை என் மேஜைக்கு எதிரிலேயே பார்த்திருக்கிறேன். 'அண்ணன் தம்பியாக இருந்தாலும் கையெழுத்துப் போடாதீர்கள்' என்று இதே பக்கத்தில் ஒருமுறை எழுதினேன். எத்தனை பேர் பாராட்டி எழுதினீர்கள்! அது கடன் கேரண்டி, இது வேறு என்று எனக்குத் தெரியாதா? தெரியும். நன்றாகவே தெரியும். ஆனாலும் வீட்டுப் பத்திரம் என்ற வார்த்தையைக் கேட்டதுமே பீரோ சாவி இருக்கிறதா என்று தடவிப் பார்த்துக்கொண்டேன்.

கிரிப்டோ சுலபமாக இருந்தது. அதில் நான் உதவினேன் என்ற பெயர் கிடைத்தது. பணம் ரோஸ்மேரியுடையது. மாட்டிக்கொண்டிருப்பது செல்வராஜ். பத்திரம் பீரோவிலேயே பத்திரமாக இருந்தது. அறுபத்துமூன்று வயதில் ஒரு புதுத் தொழில்நுட்பத்தையே கற்றுக்கொண்டேன்... ஒரு கையெழுத்தைத் தவிர்ப்பதற்காக.

"அவன் பல்லு போனாலும் பரவால்லன்னு உங்க பேரைச் சொல்லல" என்றாள் விமலா. "நீங்க அவனுக்காக உங்க பேரை எழுதமாட்டேங்கறீங்க. இந்த வீடு என் பேர்லயும்தான் இருக்கு. நாளைக்கு நான் போறேன் கோர்ட்டுக்கு. நீங்க வீட்டுல இருந்து கண்ணைச் சிமிட்டிக்கிட்டு இருங்க."

வெட்கம் பிடுங்கித் தின்றது. நானே போனேன்.

திங்கட்கிழமைதான் முடிந்தது. அதற்குள் உள்ளே எதுவும் ஆகிவிடக் கூடாதே என்று அந்த முப்பதாயிரத்தையும் அனுப்பினேன். இந்த முறை என் பணம். ரசீது கேட்கவில்லை.

கோர்ட்டில் வீட்டு வரி ரசீது, வீட்டு உரிமைக்கான காத்தா நகல், ஆதார், இரண்டு போட்டோ வாங்கிக்கொண்டார்கள். நீதிபதி சின்ன வயதுப் பெண். கன்னடத்தில், எத்தனை வருஷமாகத் தெரியும் என்று கேட்டார். "ஹன்னெரடு வர்ஷா மேடம்" என்றேன். பன்னிரண்டு வருஷம். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்னார்கள். போட்டேன். வரிசையில் நின்ற நேரத்தைக் கழித்தால் மொத்தமே இருபது நிமிஷம். ஏழு வாரமாக நான் பயந்தது இந்த இருபது நிமிஷத்துக்கு.

செவ்வாய்க்கிழமை சாயங்காலம் செல்வராஜ் வெளியே வந்தார். சனிக்கிழமை இருவரும் வீட்டுக்கு வந்தார்கள். ஆள் பாதியாகியிருந்தார். நாற்காலி நுனியில் உட்கார்ந்து, ஒவ்வொரு முறை வாயைத் திறக்கும்போதும் கையை மேலே வைத்து மறைத்துக்கொண்டு பேசினார். "ரொம்ப தேங்க்ஸ் சார். உங்களுக்குத்தான் ரொம்பத் தொந்தரவு" என்றார். விமலா கொடுத்த காபியை ஆறவைத்து, ஆறவைத்து, ஒரு பக்கமாகச் சாய்த்துக் குடித்தார். எனக்கு அவர் முகத்தைப் பார்த்து உட்கார முடியவில்லை. ஏதோ வேலை இருப்பது போல எழுந்து வாசலுக்கு வந்துவிட்டேன்.

பின்னாலேயே ரோஸ்மேரி வந்தார். கையில் மடித்த ஒரு கவர்.

"சார், கையெழுத்துக்கு எவ்வளவு குடுக்கணும்?"

எனக்குப் புரியவில்லை. "எந்தக் கையெழுத்துக்கும்மா?"

"ஷூரிட்டிக்குத்தான் சார். தப்பா நெனச்சுக்காதீங்க. கோர்ட் வாசல்ல அதுக்குன்னே ஆளுங்க இருக்காங்க, ரேட்டு இருக்குதுன்னாங்க. உள்ள படுக்கறதுக்கு ஒரு ரேட்டு சொன்னாங்க, அடிக்காம இருக்க ஒரு ரேட்டு சொன்னாங்க. நீங்க மட்டும் ஒண்ணும் சொல்லல. பாக்கலாம்னு சொன்னீங்களே, அப்ப எனக்குத்தான் புரியல போலருக்குன்னு நெனச்சேன். முந்தியே கேட்டு எடுத்துக்கினு வந்திருக்கணும் சார்."

ஒன்றும் வேண்டாம்மா என்று சொல்லி, கவரை அவர் கையிலேயே திருப்பி வைத்தேன். பெரிய மனசு சார் உங்களுக்கு என்றார்.

என் கையெழுத்தின் ரேட் இரண்டு பல். அதைச் செல்வராஜ் முன்பணமாகவே கட்டிவிட்டார்.