மீசானின் எடை

அந்த நாட்களில் நான் தரையில் நடந்ததாகவே நினைவில்லை. பள்ளிக்கரணையில் தண்ணீருக்கு மேல் வெள்ளைப் பறவைகள் எழும்பும்போதும், மேடவாக்கம் சிக்னலில் தண்ணீர் லாரிக்குப் பின்னால் ஸ்கூட்டரில் நிற்கும்போதும் மனசுக்குள் மீசான்கள்தான் மிதந்துகொண்டிருக்கும். மீசான், அணுக்கருவைவிடச் சிறிய துகள். கண நேரம்தான் உயிர் வாழும். தனியாக இருக்கும்போது அதற்கு ஒரு நிறை. அணுக்கருவின் நெரிசலுக்குள் போனால் அந்த நிறை மாறலாம், ஆயுளும் சுருங்கலாம். எவ்வளவு என்று ஆராய வெளிநாட்டில் இரண்டு வருட வேலை கிடைத்திருந்தது. அத்தா சரி என்று சொல்ல வேண்டும், அவ்வளவுதான் பாக்கி.

முடிச்சூர் வீட்டு மொட்டைமாடியில் டீ குடித்துக்கொண்டிருந்தவரிடம் அதே மிதப்பில் சொன்னேன்.

"அத்தா, மீசானோட எடை இடத்துக்கு இடம் மாறுது. எவ்ளோ மாறுதுன்னு பாக்கத்தான் போறேன்."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு இறங்கிப் போனார். நான்கு நாள் பேச்சில்லை. மகளை அனுப்ப மனமில்லை, அதை வாய்விட்டுச் சொல்லவும் முடியவில்லை என்று நினைத்தேன். எனக்கு மூக்கின் மேல் கோபம். நானும் பேசவில்லை.

ஐந்தாம் நாள் அஸர் தொழுதுவிட்டு மாடிக்கு வந்தார்.

"ஏம்மா, மீஸான்ல கூடவா கோளாறு இருக்கும்?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மறுமையில் நம் நன்மை தீமைகளை நிறுக்கப்போகும் தராசுக்கும் மீஸான் என்றுதான் பெயர். தாம்பரத்தில் ஆணிக்கடை வைத்திருக்கும் அத்தா, அந்தத் தராசுக்குப் பயந்தே ஒவ்வொருவருக்கும் ஒரு பிடி கூடுதலாகப் போடுபவர். நான்கு நாளும் அவர் தூங்கியிருக்க மாட்டார். பாவி நான்.

சிரிப்பும் அழுகையுமாக விளக்கினேன். அடுக்குமாடிகளுக்குப் பின்னால் வெயில் மெல்ல மஞ்சளானது. அத்தா மேகங்களையே பார்த்துக்கொண்டு கேட்டார்.

"கூட்டத்துக்குள்ள எடை மாறிடுது, சரி. வெளிய வந்தா?"

"உயிரோட வெளிய வந்துட்டா பழைய எடைதான் அத்தா."

மறுநாள் என்னைக் கடைக்குக் கூட்டிப்போனார். ஆணி மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நிற்கச் சொன்னார். ஐம்பத்திரண்டு கிலோ காட்டியது. வெகுநேரம் அந்த எண்ணையே பார்த்தார்.

"போயிட்டு வா. இதே எடையில திரும்பி வரணும்," என்றவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "ஒரு பிடி கூடுதலா வந்தாலும் நல்லதுதான்."