ஒன்பது பேரிடமும் ஒரே பதில்

விலாசினியின் பெயரை ஜிஜா முதன்முதலாகக் கேட்டது ஒரு வசவில்தான். அம்பூரியில் ரப்பர் ஷீட் வாங்கி விற்கிற சுந்தரதாஸ், பாலியல் தொழில் செய்கிற ஜிஜாவிடம் அவ்வப்போது வந்துபோகிறவன், "அந்த விலாசினி பாறசாலை தொட்டு நெய்யாற்றின்கரை வரை எல்லாவளையும் கெடுத்து வச்சிருக்கா. உறை இல்லாம ஒருத்தியும் வரமாட்டேங்கா" என்று காறித் துப்பினான்.

யார் அந்த மகராசி என்று விசாரித்துப் போனாள் ஜிஜா. கொல்லயில் ஊரில் தேங்காய் வெட்டின செல்லசாமிக்கு இரண்டாம் தாரத்தில் பிறந்த மூத்தவள். அவளுடைய சித்தப்பா மகனைத்தான் ஜிஜாவின் நாத்தனார் கட்டியிருந்தாள். இதே தொழிலில் இருந்தவள். வயதில் ஜிஜாவைவிட மூன்று குறைவு.

"எனக்கு எச்ஐவி உண்டுக்கா" என்றாள் விலாசினி, சுகர் உண்டு என்பதுபோல. "எட்டு வருசமா மாத்திரை போடுதேன், நல்லா இருக்கேன். ஆனா ஒனக்கு வரப்படாது. நாங்க எட்டு பேரும் ஒரே பேச்சாக்கும். உறை இல்லன்னா ஆளு வேண்டாம். ஒருத்தி இளகினா போச்சு, எல்லாவனும் அவளத் தேடிப் போவான். மத்தவ என்ன செய்வா?"

ஜிஜா ஒன்பதாவது ஆளானாள்.

அந்த வாரம் பார்த்து அவளுக்கு ஆளே வரவில்லை. வீட்டில் கேஸ் தீர்ந்து கிடந்தது. ஆறாம் நாள் சுந்தரதாஸ் வந்து நின்றான். "உறை கிறை வேண்டாம். ரெட்டிப்பா தாறேன்."

சரியென்றால் யாருக்குத் தெரியப்போகிறது? தெரியும். நாளைக்கே அந்த எட்டு பேரில் ஒருத்தியான சரோஜத்திடம் போய், ஜிஜா சம்மதித்தாளே என்பான் இவன்.

"முடியாதுண்ணே."

"நீ இல்லன்னா சரோஜம்."

"நானே போன் போட்டுத் தாறேன்" என்று ஸ்பீக்கரில் போட்டாள் ஜிஜா.

"உறை உண்டாண்ணே? இல்லன்னா வண்டிக்கு எண்ணெய மிச்சம் பிடியும்" என்றாள் சரோஜம். அடுத்துப் பேசிய ஜோஸ்னா, "ரத்தம் நோக்கினீரா? நோக்கிட்டு வாரும். அப்பவும் உறை வேணும்" என்று சிரித்தாள். ஐந்தாவது போனில் சுந்தரதாஸ் கையெடுத்துக் கும்பிட்டான். "போதும் தாயே! ஒரு பாக்கெட்டு தா."

செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரையில் ரத்தப் பரிசோதனை வரிசையில் ஜிஜா நின்றாள். அவளுக்கு நான்கு ஆள் முன்னால், பேப்பரால் முகத்தை மறைத்துக்கொண்டு சுந்தரதாஸ்.

"அண்ணே, ரத்தம் எடுக்கிறவங்களுக்கு முகம் வேண்டாம்" என்றாள் ஜிஜாவோடு வந்திருந்த விலாசினி. "கைய நீட்டினா போதும்."

வரிசையே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டு பேப்பரை மடித்தான். அவன் முடிவு அவனுக்கு மட்டும்தான் தெரியும். ஜிஜாவுக்கு நோய் இல்லை என்று வந்தது. அந்தத் தாளை அவள் மற்ற எட்டு பேரிடமும் காட்டினாள்.

விலாசினி இப்போதும் கொல்லயிலில்தான் இருக்கிறாள். வாரத்தில் ஐந்து நாள் பரிசோதனை மையத்தில் வேலை. அவள் கூட்டத்தில் இன்று இருபத்திரண்டு பேர்.