வட்டத்தை விட்டுப் போனவன்

எனக்கு மந்திரம் மாயத்தில் நம்பிக்கை கிடையாது. வெற்றிலையில்தான் உண்டு. அன்றைக்கு இரண்டும் சேர்ந்து என்னைக் கவிழ்த்தன.

ஆறு வருடமாக மட்டாஞ்சேரியில் தற்காலிகத் துப்புரவுத் தொழிலாளியாகத் தெருக் கூட்டிக்கொண்டிருந்தேன். வேலையை நிரந்தரமாக்க, அசல் சான்றிதழ்களோடு பதினொரு மணிக்குள் ஆபீசுக்கு வரச் சொல்லியிருந்தார்கள். பள்ளுருத்தியிலிருந்து பத்து மணிக்கே பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டேன். நேரம் கிடக்கிறதே என்று வாய் நிறைய வெற்றிலை போட்டுக்கொண்டேன். படகுத்துறைப் பக்கம் கூட்டம். கூட்டத்தைக் கண்டால் நம் சனத்துக்குக் கால் தானாக நிற்கும், எனக்கும் நின்றது.

நடுவில் தமிழ்நாட்டிலிருந்து வந்த மோடி மஸ்தான் ஒருவன். கீரிக்கும் பாம்புக்கும் சண்டை விடப்போவதாகச் சொல்லிச் சொல்லியே தாயத்து விற்றுக்கொண்டிருந்தான். அந்தச் சண்டை வரவே வராது என்பது ஊருக்கே தெரியும். ஆனாலும் ஒருத்தரும் நகரவில்லை. பத்தே முக்காலுக்கு நான் நகரப் பார்த்தேன்.

“பாதியில வட்டத்த விட்டுப் போறவன் ரத்தம் கக்குவான்! என் குரு மேல ஆணை!”

போடா, நீயும் உன் குருவும் என்று மனசுக்குள் சொல்லிவிட்டு வெளியே வந்தேன். நாலு எட்டு வைத்ததும், பழக்கதோஷம், ஓடையோரம் துப்பினேன். ஊரார் துப்பியதையெல்லாம் கழுவுகிறவனுக்கு ஒரு தடவை துப்பவும் உரிமை இல்லையா?

“ஐயோ, சோர! ரத்தம்!” என்று ஒரு சேட்டன் அலறினார்.

வெற்றிலை என்று சொல்ல வாயைத் திறந்தேன். மிச்சமும் சட்டையில் வழிந்தது. பத்துப் பேர் சேர்ந்து என்னைத் தரையில் கிடத்தினார்கள். ஒருவர் தலையில் சோடாவை ஊற்ற, இன்னொருவர் வாயில் எலுமிச்சம்பழத்தைப் பிழிந்தார். அவர்களில் பாதிப் பேர் வாயிலும் வெற்றிலை இருந்தது, ஒருத்தருக்கும் தோன்றவில்லை. பொய் சொல்வானேன், நானே சட்டையை விரலால் தொட்டு முகர்ந்து பார்த்தேன். எல்லாரையும்விட அதிகம் பயந்தவன் மஸ்தான்தான். தன் வாக்கு பலித்து அவன் பார்த்ததே இல்லை போலும். ஆனால் தொழில்காரன், சீக்கிரமே தெளிந்துவிட்டான். என்னைக் காட்டியே விற்றதில் தாயத்துப் பெட்டி காலி.

பிடியிலிருந்து தப்பி ஆபீஸ் போனபோது பதினொன்று இருபது. பட்டியலில் என் பெயருக்கு நேரே ‘வரவில்லை’ என்று க்ளார்க் எழுதி முடித்திருந்தார். நடந்ததைச் சொன்னேன். காலில் விழாத குறை.

“சட்டம் சட்டமாணு அண்ணா. இனி அடுத்த லிஸ்ட்ல பாக்கலாம்” என்றவர், சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “அந்த மந்திரவாதி இப்பவும் அவிடே உண்டோ? எனிக்கொரு ட்ரான்ஸ்ஃபர் காரியம்.”

வழி சொன்னேன்.

“கீரி பாம்புச் சண்டை முடியற வரைக்கும் நின்னு வாங்குங்க சார். பாதியில மட்டும் வந்துடாதீங்க.”