வள்ளத்து மா

அந்தச் சம்பந்தம் குழம்பியது சாதகத்தாலா, நான் சொல்லாமல் விட்ட ஒரேயொரு வசனத்தாலா? ஏழு வருடமாகிறது. இன்னும் எனக்குத் தெரியவில்லை.

இன்று கூட்டுறவுக் கடையில் ஈஸ்ட் தூள் அடைத்த சின்னப் பேணி ஒன்று வாங்கினேன். வீட்டுக்கு வந்து மூடியைத் திறந்ததும் அந்தப் புளித்த மணம் வந்தது. பின்னாலேயே என் மச்சாளின் முகமும் வந்தது. மற்றவர்களுக்கு இப்படியான மணங்களில் தாயும் பள்ளிக்கூடமும் ஞாபகம் வருமாம். எனக்குப் பழி வாங்கியது ஞாபகம் வருகிறது. என்ன செய்ய, என் மூக்கு அப்படி.

மச்சாள் என்றால் இவருடைய, என் கணவருடைய, அக்கா. பக்கத்து வளவு. என் மகள் பிறந்து முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தபோது வீடு நிறையச் சனம். எனக்குப் பால் போதாமல் இருந்தது. பிள்ளை அழ முன்னம் நான் அழுதுவிடுகிற காலம் அது. புத்தகத்தில் போட்டிருந்தபடி மணிக்கூடு பார்த்துத்தான் பால் கொடுத்தேன். அது சரியா பிழையா என்று நாளைக்கு நூறு தரம் யோசிப்பேன். மச்சாள் பிள்ளையை என் மடியிலிருந்து தூக்கிக்கொண்டுபோய், குசினி வாசலில் நின்று, எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்:

"படிச்ச பொம்பிளையளுக்குப் பால் தலைக்கு ஏறிப்போடும்போலை கிடக்கு. கீழ இறங்குதில்லை."

சனம் சிரித்தது. இவரும் சிரித்தார். இவருக்கு அதற்கு வேறொரு நாள் கொடுத்தேன், அது இங்கே வேண்டாம். நான் போய் எல்லோருக்கும் தேத்தண்ணி ஊற்றினேன். மச்சாளுக்குச் சீனியைக் கூடுதலாகப் போட்டேன். அப்போது எனக்குத் தெரிந்த பழி அவ்வளவுதான்.

அந்த நாளில் நெடுந்தீவில் எங்கள் பக்கம் பேக்கரி இல்லை. புங்குடுதீவிலிருந்து பாண் வள்ளமேறி வந்துசேர மத்தியானமாகும். விடியச் சாப்பிடுவது முதல் நாள் பாண்தான். சோளகக் காற்றடித்து வள்ளம் ஓடாவிட்டால் அதுவும் இல்லை. இவர் புங்குடுதீவில் படிப்பித்துக்கொண்டிருந்தார். வெள்ளி பின்னேரம் வரும்போது பேக்கரியில் குழைத்த மாவை ஒரு பிஸ்கட் பெட்டியில் கொண்டுவரத் தொடங்கினார். பேக்கரிக்காரர்தான் வழி சொன்னவர். "நெடுந்தீவுக்கோ மாஸ்டர்? அப்ப வள்ளத்து மா எண்டு கேளுங்கோ. ஈஸ்ட் அரைவாசிதான் போடுவன். இல்லாட்டி வழியில பொங்கிப்போம்."

அந்த மாவைப் பானையில் போட்டு ஈரமணலில் வைத்துவிட்டால் விடியும்வரை அடங்கிக் கிடக்கும். காலையில் தட்டி, தேங்காய்ப்பூவும் பனங்கட்டியும் வைத்துச் சுருட்டுவேன். தாச்சிக்குள் மணல், மணலுக்கு மேல் தட்டு, மூடியின்மேல் சிரட்டைத் தணல். அரை மணித்தியாலத்தில் பணிஸ் ஆகிவிடும். முதல்தடவை அடி கருகியது, இரண்டாம்தடவை நடு வேகவில்லை, மூன்றாம்தடவை மச்சாள் மணம் பிடித்து வந்துவிட்டார். நாலு தின்றார். அடுத்த கிழமை ஊர் முழுக்க, தான்தான் எனக்குப் பணிஸ் சுடப் பழக்கினதாகக் கதை.

பிறகு அவருடைய மகள் பவானியைப் பெண் பார்க்க மாப்பிள்ளை பகுதி ஒரு ஞாயிறு காலை வருவதாக இருந்தது. பவானிக்கு அப்போது இருபது வயது. மச்சாள் என்னிடம் வந்தார்.

"நீர் அந்த மா எங்க எடுக்கிறனீர்? இனி அவைக்கு என்ர கைப்பக்குவத்தைக் காட்டோணும்."

எல்லாம் சொன்னேன். பேக்கரி, பெட்டி, ஈரமணல், தணல் எல்லாம் ஒழுங்காக, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்வதுபோல. வள்ளத்து மா என்று கேட்க வேண்டும் என்பதை மட்டும் சொல்லவில்லை. வாய்வரை வந்தது. விழுங்கினேன். நன்றாக இருந்தது.

இவர் காய்ச்சலில் படுத்திருந்ததால் சனிக்கிழமை மச்சாளின் புருஷனே மா எடுக்கப் போனார். நான் அண்ணை என்று கூப்பிடுகிறவர், பாவம். துறையில் வெயிலில் ஒரு மணித்தியாலம் காத்திருந்திருக்கிறார். வள்ளம் பாதிக் கடலுக்கு வந்தபோது பெட்டியின் மூடி டப்பென்று கழன்றது. வள்ளக்காரர் கத்தினாராம்: "அண்ணை, உங்கட பெட்டிக்கு உயிர் வந்திட்டுது!" மா வழிந்து ஒரு அம்மாவின் செருப்பில் ஏறி, சேலைக் கரையைப் பிடித்துக்கொண்டது. அண்ணை மன்னிப்புக் கேட்டு, தன் சால்வையால் துடைத்துவிட்டிருக்கிறார். மிச்சத்தை அள்ளிப்போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தார். வள்ளத்தில் நடந்ததை மச்சாளிடம் சொல்லவில்லை.

அடுத்த நாள் காலை அந்த அம்மாதான் முன்னுக்கு நடந்துவந்தார், மாப்பிள்ளையின் தாயாக. முதல் நாளே வந்து இனசனத்தின் வீட்டில் தங்கியிருக்கிறார்கள். அண்ணை கதிரையைப் பிடித்துக்கொண்டு நின்றார். மச்சாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எடுங்கோ, எடுங்கோ. கடைச் சாமானில்லை. விடியப்பறம் எழும்பி என்ர கையால குழைச்சது."

அந்த அம்மா ஒரு பணிஸை எடுத்து மணந்து பார்த்தார். கள்ளுத் தவறணை மணம் எனக்கே அடித்தது. பிறகு அண்ணையைப் பார்த்தார்.

"ஓமோ? அப்ப நேற்று வள்ளத்தில என்ர காலில ஏறினது இதின்ர சொந்தக்காரரோ?"

மச்சாளின் முகத்திலிருந்து இரத்தம் வடிந்துபோனதை நான் நின்று பார்த்தேன். ஒரு துளிகூட விடாமல் பார்த்தேன். இடுப்பிலிருந்த என் மகளின் தலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தேன். நிமிர்ந்தபோது தட்டத்தோடு நின்ற பவானி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நாளில் தரகர் வந்து, சாதகம் பொருந்தவில்லையாம் என்றார். பொருத்தம் பார்த்த பிறகுதானே பெண் பார்க்கவே வந்தார்கள்? வேறொரு சாத்திரியார் பார்த்தாராம். இருக்கலாம். அப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன், பிறகு இல்லையென்றும் நினைப்பேன்.

இப்போது அந்தப் பேக்கரி பூட்டிக் கிடக்கிறது. பேக்கரிக்காரர் மகன்களோடு வெளிநாடு போய்விட்டார். வள்ளத்து மா என்றால் துறையில் நிற்கிறவர்களுக்கே விளங்காது. அண்ணை போன வருடம் காலமானார். பெண் பார்த்த அந்த நாளுக்குப் பிறகு மச்சாள் சனத்துக்கு நடுவில் என்னைப் பற்றி வாய் திறந்ததில்லை. அது எனக்குப் போதும்.

பவானிக்கு அதன்பிறகு வந்த இரண்டு சம்பந்தமும் சரிவரவில்லை. ஞாயிறுகளில் என் மகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்க வருவாள். போன கிழமை, பிள்ளைக்குத் தலை பின்னிக்கொண்டே, ஆற அமரக் கேட்டாள்: "மாமி, அண்டைக்கு நீங்கள் ஏன் சிரிச்சனீங்கள்?"

பிள்ளையின் தலைமயிர் மூக்கில் கூசியது என்று ஏதோ சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டேன். இதை வாசிக்கிறவர்கள், மச்சாளிடம் மன்னிப்புக் கேள் என்று மட்டும் எழுதாதீர்கள், அது என்னால் ஏலாது. ஆனால் பவானிக்கு நான் என்ன பதில் சொல்ல? தெரிந்தவர்கள் எழுதுங்கள். வருகிற ஞாயிறும் அவள் வருவாள்.